கடைசியாக உள்ளே அழைக்கப்பட்டவர்: ஹெபடைடிஸ் பி எச்சரிக்கை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்கு வயது 54. பீடி சுற்றுவது தொழில். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்குவதில்லை, இலை வெட்டக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை, கடைக்குக் கொடுக்கவேண்டிய கணக்குத் தேறவில்லை என்றார். இரத்தச் சோதனைகள் முடக்குவாதத்தை உறுதி செய்தன. நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை, கூடவே சில வாரங்களுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு என்று கணினியில் எழுதினேன். பொத்தானை அழுத்தியும் மருந்துச்சீட்டு அச்சாகவில்லை. திரையில் நான்கு வரிகள் வந்து நின்றன.

“இவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், கண்புரை அறுவைக்கு முந்தைய சோதனையில், ஹெபடைடிஸ் பி (எச்பிஎஸ்ஏஜி) ரியாக்டிவ். அதன்பின் கல்லீரல் சோதனை எதுவும் பதிவில் இல்லை. எழுதியுள்ள மருந்துகள் வைரஸை மீண்டும் பெருகச் செய்யக்கூடும். தொடங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள் கீழே தயாராக உள்ளன.”

“அம்மா, கண் ஆபரேஷன் செய்தபோது உங்கள் இரத்தத்தில் ஏதாவது கிருமி இருப்பதாகச் சொன்னார்களா?” என்று கேட்டேன்.

“ஒன்றும் சொல்லவில்லையே, டாக்டர். அன்றைக்கு என்னைக் கடைசியாகத்தான் உள்ளே அழைத்தார்கள். சுகர் இருக்கிறவர்களை முதலில் முடித்துவிடுவார்கள், நமக்கு அது இல்லை, அதனால்தான் கடைசி என்று நினைத்துக்கொண்டேன்.”

அந்த அறுவை நடந்ததும் எங்கள் மருத்துவமனையில்தான். அவர் கடைசியாக அழைக்கப்பட்டதற்குக் காரணம் சர்க்கரை அல்ல. அவருடைய கோப்பின் மேல் ஒரு சிவப்பு ஒட்டி இருந்தது. அறுவை அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அதன் பொருள் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

அந்த நான்கு வரிகள் திரைக்கு வந்து சேர்ந்த வழியையும், அதற்கு முன் நாங்கள் தவறவிட்டதையும், அதன்பின் அந்த வீட்டில் நடந்ததையும் எழுதுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அந்தச் சோதனை யாருக்காக?

அறுவைக்கு முன் எச்.ஐ.வி., எச்பிஎஸ்ஏஜி, ஹெபடைடிஸ் சி மூன்றையும் பார்ப்பது நம் மருத்துவமனைகளில் வழக்கம். எச்பிஎஸ்ஏஜி என்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையில் உள்ள புரதம். அது இரத்தத்தில் இருந்தால் வைரஸ் உடலில் இருக்கிறது என்று பொருள். ‘ரியாக்டிவ்’, அதாவது இருக்கிறது, என்று வந்தால் அறுவைப் பட்டியலில் பெயர் கடைசிக்குப் போகும். இரட்டைக் கையுறை, தனிக் கருவித்தட்டு என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். நோயாளி கட்டு அவிழ்த்து வீட்டுக்குப் போவார். அவரிடம் தரும் சுருக்க அறிக்கையில் அந்தச் சொல் ஒரு மூலையில், ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருக்கும்.

சோதனை நடந்தது மருத்துவரையும் செவிலியரையும் காப்பதற்காக. அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே இரத்தம், அதே முடிவு, அந்த அம்மாவின் கல்லீரலைக் காக்கவும் பயன்பட்டிருக்க வேண்டும். சோதனையே செய்யாதவர்களைத் தேடிப்பிடிப்பதுதான் நம் வேலை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். எங்கள் பதிவுகளுக்குள்ளேயே, முடிவு தெரிந்தும் யாரும் பேசாமல் விட்ட மனிதர்கள் இருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தார்கள். அவர்களில் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர். உலக அளவில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர்கள் 13 சதவீதம், சிகிச்சை பெறுபவர்கள் 3 சதவீதம். அந்த ஆண்டு இந்த ஒரு வைரஸால் இறந்தவர்கள் 11 லட்சம். பல ஆண்டுகள் எந்த வலியும் காட்டாமல் இருந்து, கல்லீரல் சுருங்கிய பிறகோ புற்றுநோய் வந்த பிறகோதான் இது வெளியே தெரியும். மஞ்சள் காமாலை வந்தால்தானே கல்லீரல் நோய் என்று நம் மக்கள் கேட்பார்கள். நாள்பட்ட தொற்று உள்ள பெரும்பாலோருக்கு ஆண்டுக்கணக்கில் காமாலையே வருவதில்லை.

முதல் எச்சரிக்கை தோற்றது

மின்னணு மருத்துவப் பதிவு எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது முதலில் நாங்கள் கேட்டு வாங்கிய எச்சரிக்கை எளியது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட யாருடைய பதிவைத் திறந்தாலும், எச்பிஎஸ்ஏஜி முடிவு அதில் இல்லையென்றால், மருத்துவரின் திரையில் ஒரு பெட்டி குதித்து வரும்: “ஹெபடைடிஸ் பி பரிசோதனை நிலுவை.” கீழே இரண்டு பொத்தான்கள்: சரி, மூடு.

இந்த யோசனைக்கு வலுவான முன்மாதிரி இருந்தது. அமெரிக்காவில் நெடுநாள் வரை ஆபத்துக் காரணி உள்ளவர்களை மட்டும் தேர்ந்து சோதிப்பதே நடைமுறை. பிறந்த நாடு, பேசும் மொழி, குடும்பப் பெயர் போன்றவற்றை வைத்து, தொற்று மிகுந்த நாடுகளிலிருந்து குடியேறியவர்களைப் பதிவிலிருந்து பிரித்தெடுத்து மருத்துவருக்கு நினைவூட்டும் முறைகளை அங்கே முயன்று பார்த்தார்கள். நினைவூட்டல் வந்த இடங்களில் சோதனை எழுதுவது கூடியது. ஆனாலும் ஆபத்துக் காரணியைக் கேட்டறிவதிலேயே பலர் தவறிப்போனதால், 2023-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் எல்லாப் பெரியவர்களுக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது மூன்று சோதனைகள் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒன்று எச்பிஎஸ்ஏஜி. இரண்டாவது, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரி (ஆன்டிபாடி); இது தடுப்பூசியாலோ குணமானதாலோ வந்த பாதுகாப்பைக் காட்டும். மூன்றாவது, வைரஸின் உட்கருவுக்கு எதிரான பிறபொருளெதிரி; எப்போதாவது வைரஸ் உடலுக்குள் வந்துபோயிருந்தால் இதில் தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் என்ற அந்தச் சொல்லை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். திங்கட்கிழமைப் புறநோயாளிப் பிரிவை நினைத்துப் பார்க்கவில்லை. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, ஆலங்குளம், நாங்குநேரி என்று நாலா பக்கத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தவர்கள் வாசல் வரை நிற்பார்கள். காய்ச்சலுக்கு வந்தவரின் பதிவைத் திறந்தால் பெட்டி. வண்டுகடிக்கு வந்தவருக்கும் பெட்டி. தொண்ணூறு வயதுத் தாத்தாவுக்கும் பெட்டி. இரண்டாவது வாரத்திலேயே எல்லா மருத்துவர்களுக்கும் ‘மூடு’ பொத்தான் இருக்கும் இடம் கைக்குப் பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டது. வாசிக்காமலே மூடியிருக்கிறேன். அவ்வாறு மூடியவற்றில் உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

இதை மருத்துவர்களின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெட்டி ஒரு வேலையைச் சுட்டிக்காட்டியது, ஆனால் அந்த வேலையில் ஒரு துளியையும் தான் எடுத்துக்கொள்ளவில்லை. ‘சரி’ என்று அழுத்தினால் சோதனைச்சீட்டு தானாக எழுதப்படாது. வேறு திரைக்குப் போக வேண்டும், சோதனையைத் தேட வேண்டும், கட்டணத்தைச் சொல்ல வேண்டும், ஏன் என்று நோயாளிக்கு விளக்க வேண்டும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அது நடக்காது. சரியான தகவல், சரியான ஆளுக்கு, சரியான வடிவத்தில், சரியான வழியில், சரியான நேரத்தில் என்று இந்தத் துறையில் ஐந்து விதிகள் சொல்வார்கள். எங்கள் பெட்டியில் தகவல் ஒன்றுதான் சரி.

லட்சுமியும் லெட்சுமியும்

பெட்டியை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே ரியாக்டிவ் என்று வந்தவர்களை முதலில் தேடுவோம் என்று முடிவெடுத்தோம். ஒரு பொத்தானில் பட்டியல் வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை.

முதல் சிக்கல் ஆய்வகத்தில். ‘ரியாக்டிவ்’ என்று ஒருவர் எழுதியிருப்பார், ‘பாசிட்டிவ்’ என்று இன்னொருவர், வெறும் கூட்டல் குறி போட்டு மூன்றாமவர். சில முடிவுகள் தாளில் இருந்து படமெடுத்து ஏற்றப்பட்டவை. அவற்றைக் கணினியால் வாசிக்க முடியாது. இனி கையால் எழுதும் வசதியே வேண்டாம், ரியாக்டிவ், ரியாக்டிவ் இல்லை, உறுதிசெய்ய வேண்டும் என்ற மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று மாற்றினோம். பழையவற்றை ஆய்வக நுட்புநர்கள் வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்.

இரண்டாவது சிக்கல் பெரியது, நம் ஊருக்கே உரியது. வெளிநாட்டு மென்பொருள் மனிதரைக் குடும்பப் பெயரால் பிரிக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து (இனிஷியல்) உண்டு, அதுவும் கல்யாணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் கணவருடையது. லட்சுமி என்று ஒரு சீட்டிலும் லெட்சுமி என்று மறு சீட்டிலும் இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் இரண்டுமே சரியான எழுத்துதான். பேச்சியம்மாள், பேச்சியம்மா, வெறும் பேச்சி. சுடலைமுத்து, சுடலை. பிறந்த தேதி கேட்டால் ‘பெரிய வெள்ளம் வந்த வருஷம்’ என்பார்கள். பதிவு மேசையில் இருப்பவர் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார். கைபேசி எண் மகனுடையது. மகன் எண்ணை மாற்றியிருப்பான். பழைய ஓ.பி. சீட்டைக் கொண்டுவராவிட்டால் புது எண். ஒரே ஆளுக்கு மூன்று எண், மூன்று பதிவு. ஒன்றில் ரியாக்டிவ், மற்ற இரண்டும் வெறுமை. எச்சரிக்கைக்குத் தெரிவது திறந்திருக்கும் பதிவு மட்டும்தான்.

இதைச் சரிசெய்தது எந்த மென்பொருளும் அல்ல. பதிவறையில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்யும் ஊழியர் ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஊர், தெரு, கணவர் பெயர், தொலைபேசி எண், உத்தேச வயது ஆகியவற்றை வைத்துக் கணினி ‘இவர்கள் ஒருவராக இருக்கலாம்’ என்று இணை இணையாகக் காட்டும். சேர்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது அண்ணாச்சி. ஐயம் வந்தால் தொலைபேசியில் அழைப்பார். “தப்பாகச் சேர்த்துவிட்டால் ஒருவர் நோய் இன்னொருவர் தலையில் ஏறிவிடும், சார். அதற்குச் சேர்க்காமலே இருக்கலாம்” என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். எச்சரிக்கைகளை வடிவமைப்பது பற்றிய பேச்சுகளில் விதிகளும் வண்ணங்களும்தான் அதிகம் அடிபடுகின்றன. என் அனுபவத்தில், அந்த அம்மாவைக் காப்பாற்றியது அண்ணாச்சியின் பொறுமை. கண்புரை அறுவையின் பதிவில் அந்த அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, முடக்குவாதத்துக்கு வந்தபோது இன்னொரு மாதிரி. எனக்கு அந்த நான்கு வரிகள் தெரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இரண்டு பதிவுகளையும் அண்ணாச்சி ஒன்றாக்கியிருந்தார்.

இப்போது எச்சரிக்கை வரும் இடங்கள்

எல்லோர் பதிவிலும் குதிக்கும் பெட்டியை எடுத்துவிட்டு நான்கு இடங்களில் மட்டும் வைத்தோம்.

முதலாவது ஆய்வகம். எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ் என்று பதிவானதும், அது எந்தத் துறை கேட்ட சோதனையாக இருந்தாலும், கல்லீரல் நோய்ப் பிரிவுச் செவிலியரின் பட்டியலில் அந்தப் பெயர் ஏறிவிடும். கண் மருத்துவரோ எலும்பு மருத்துவரோ நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. செவிலியர் நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் சந்தித்துத் தமிழில் பேசி, ஒரு தாளையும் கையில் கொடுத்த பிறகே அந்தப் பெயர் பட்டியலிலிருந்து இறங்கும். அட்டைச் சோதனையில் ரியாக்டிவ் என்றால் எலைசா என்ற ஆய்வக முறையில் உறுதி செய்வதும் இங்கேயே எழுதப்பட்டுவிடும். தடுப்பூசி போட்டு மூன்று வாரம் ஆகாதவர்களைத் தனியாகக் குறிக்கிறோம். ஊசியில் உள்ள புரதமே சில நாட்கள் இரத்தத்தில் தென்பட்டுப் பொய்யாகக் கலங்கடிக்கும்.

இரண்டாவது, மருந்து எழுதும் இடம். நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள், புற்றுநோய் மருந்துகள், நீண்டநாள் ஸ்டீராய்டு ஆகியவற்றை எழுதும்போது மட்டும் வரும். அடங்கிக் கிடக்கும் வைரஸ் இந்த மருந்துகளால் கட்டவிழ்ந்து கல்லீரலைச் சிதைத்துவிடக்கூடும். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தின் விவரத்தாளிலேயே இதைக் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-இல் உத்தரவிட்டது. எச்பிஎஸ்ஏஜி இல்லாமல் உட்கருப் பிறபொருளெதிரி மட்டும் உள்ளவர்களுக்குக்கூட அந்த மருந்து ஆபத்து. ஆகவே முடிவே இல்லாதவர்களுக்கும் இங்கே எச்சரிக்கை வரும். நான் கண்டது இந்த எச்சரிக்கையைத்தான்.

மூன்றாவது பேறுகாலப் பிரிவு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனை ஏற்கெனவே நடக்கிறது என்பதால் இதை விரிவாக எழுதவில்லை. ரியாக்டிவான தாயின் பதிவு பிரசவ அறையில் திறக்கும்போது, குழந்தைக்கு முதல் தவணைத் தடுப்பூசியும், ஆயத்தப் பிறபொருளெதிரியான இம்யூனோகுளோபுலினும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்று வரும். இதில் மூடும் பொத்தானே கிடையாது.

நான்காவது, குடும்பம். ஒருவர் ரியாக்டிவ் என்றால் தாய், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று அவர் பதிவிலேயே ஒரு சிறு பட்டியல் திறக்கும். இதைப் பற்றிப் பின்னால்.

எச்சரிக்கையின் சொற்களையும் மாற்றினோம். ‘நிலுவை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, என்றைக்கு, எந்தச் சோதனையில், என்ன வந்தது என்று வைத்தோம். ‘மூடு’ என்ற பொத்தானுக்குப் பதில் மூன்று வழிகள்: சோதனைகளை எழுது, ஏற்கெனவே பார்க்கப்படுகிறார், நோயாளி வேண்டாம் என்றார். முதல் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் எல்லாச் சோதனைகளும் எழுதப்பட்டுவிடும். மற்ற இரண்டையும் அழுத்தியவர்களின் பட்டியலைச் சனிக்கிழமை மாலை செவிலியரும் நானும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். யார் அழுத்தினார் என்பதைப் பார்ப்பதில்லை, ஏன் என்பதைத்தான். விதி தவறாக வந்திருந்தால் அடுத்த வாரமே திருத்துகிறோம்.

ஒரு தவறு நடந்தது. தொடக்கத்தில் இந்தக் குறிப்பு பதிவு மேசையின் திரையிலும் தெரிந்தது. அங்கிருந்த புதிய ஊழியர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், வரிசையில் நின்ற ஓர் இளைஞரிடம் “உங்களுக்குக் கல்லீரல் கிருமி இருக்கிறது, முதலில் அந்த அறைக்குப் போங்கள்” என்று சொல்லிவிட்டார். பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். அந்த இளைஞர் எந்த அறைக்கும் போகவில்லை. வாசலைப் பார்த்துப் போனவர் திரும்பவே இல்லை. நாங்கள் பலமுறை அழைத்தும் எடுக்கவில்லை. தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ இது பரவாது என்று நாம் எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும், வீட்டில் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைப்பதும், பெண் பார்க்கும் பேச்சு நின்றுபோவதும் இங்கே நடக்கிறது. அன்றைக்கே அந்தக் குறிப்பை மேசைத் திரையிலிருந்து நீக்கினோம். இப்போது மருத்துவரும் செவிலியரும் ஆய்வகமும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அந்த இளைஞருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அந்த அம்மாவுக்குச் செய்தது

எழுதிய மருந்துகளை அன்று நிறுத்திவைத்தேன். எச்பிஎஸ்ஏஜி மறுபடியும் ரியாக்டிவ். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட தொற்று என்போம். மூன்று ஆண்டுக்கு முந்தைய முடிவு கையில் இருந்ததால் காத்திருக்கவேண்டிய தேவை இல்லை. வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 16,000 அலகு. கல்லீரல் நொதிகள் ஏ.எஸ்.டி. 56, ஏ.எல்.டி. 49, இரண்டும் சற்றே கூடுதல். இரத்தத் தட்டுகள் இரண்டு லட்சம்.

இந்த எண்களை வைத்துச் செலவில்லாமல் கல்லீரலின் தழும்பை மதிப்பிடலாம். ஏ.எஸ்.டி.யை அதன் இயல்பு எல்லையான 40 ஆல் வகுத்தால் 1.4. அதை ஆயிரக்கணக்கில் சொன்ன தட்டுகளான 200 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 0.7. ஏப்ரி எனப்படும் இந்த எண் 0.5-ஐத் தாண்டினாலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்கள். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேனும் அதையே சொன்னது: 8.9 கிலோபாஸ்கல். தழும்பு தொடங்கிவிட்டது, சுருக்கம் இன்னும் வரவில்லை. முடக்குவாதமே வராமல் இருந்தாலும் இவருக்குச் சிகிச்சை தேவைப்பட்டிருக்கும்.

வயதும் ஸ்டீராய்டும் சேர்ந்து எலும்பைத் தேய்க்கும்; வைரஸை அடக்கும் மாத்திரைகளில் டெனோஃபோவிரும் எலும்பைப் பாதிக்கலாம் என்பதால் அதற்குப் பதில் எண்டெகாவிரைத் தேர்ந்தோம். நாள் ஒன்றுக்கு அரை மில்லிகிராம், வெறும் வயிற்றில். இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் வரை பீடி சுற்றிவிட்டுத்தான் படுப்பேன் என்றார். பீடித் தட்டை எடுத்துவைக்கும்போது மாத்திரை என்று முடிவானது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் மாத்திரையும் சோதனையும் இலவசம். மெத்தோட்ரெக்சேட் கல்லீரலுக்கு ஆகாது என்பதால் மூட்டுக்கு வேறு மருந்து கொடுத்தோம். ஸ்டீராய்டைக் குறைந்த அளவில், சில வாரம் மட்டும். விரல்கள் இப்போது மடங்குகின்றன.

இந்த மாத்திரை வைரஸை அடக்கும், வேரோடு எடுக்காது. தானாக நிறுத்தினால் வைரஸ் சீறிக்கொண்டு திரும்பும். ஆகவே மாத்திரை வாங்கவேண்டிய நாள் தாண்டினால் செவிலியருக்கு ஓர் எச்சரிக்கை வரும். ஒரு முறை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தால் போதும் என்று மதினி சொன்னதால் மாத்திரையை நிறுத்தியிருந்தார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செடியின் பின்னால் உண்மையான ஒரு வரலாறு இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க், சென்னை ஆய்வாளர் எஸ். பி. தியாகராஜனோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-இல் வெளியான அவர்களுடைய முடிவில், செடியைச் சாப்பிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் எச்பிஎஸ்ஏஜி மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். நம் ஊர்ச் செடியை உலகத்துப் பெரிய மருத்துவர்கள் மதித்துப் பார்த்தார்கள், பார்த்தபின்தான் போதாது என்றார்கள் என்று. மறுநாளே மாத்திரையைத் தொடங்கிவிட்டார்.

வீடு

“எனக்கு எப்படி வந்தது?” என்று அவர் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது. பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம். சிறுவயதில் சரியாகக் கொதிக்கவைக்காத ஊசியில் வந்திருக்கலாம். 2009-இல்கூடக் குஜராத்தின் மொடாசாவில் ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் இந்த வைரஸ் பரவிப் பலர் இறந்தார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது உடலிலேயே தங்கிவிடுகிறது. பெரியவர்களானபின் தொற்றினால் இருபதில் ஒருவருக்குத்தான் தங்கும். அதனால் அடுத்த கேள்வியை நான் கேட்க வேண்டியிருந்தது: உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?

மூன்று பேர். மூவரும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதற்கும் விரிவான 2011-க்கு வெகு முன்பே பிறந்தவர்கள்.

மகள் முதலில் வந்தார். உட்கருப் பிறபொருளெதிரி, பாதுகாக்கும் பிறபொருளெதிரி இரண்டும் இருந்தன, எச்பிஎஸ்ஏஜி இல்லை. எப்போதோ தொற்றி, தானாகக் குணமாகியிருக்கிறது. அவருக்குச் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. இந்த முடிவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னோம்.

மூத்த மகன் சென்னையில் மளிகைக் கடையில் வேலை செய்கிறார். பொங்கலுக்கு வந்தபோது தாயோடு வந்தார். இரத்தம் எடுக்கும் முன்பே சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் குவைத் வேலைக்காக எடுத்த மருத்துவச் சோதனை. வளைகுடா நாடுகளுக்கான அந்தச் சோதனையில் எச்பிஎஸ்ஏஜியும் உண்டு. ரியாக்டிவ் என்றால் ‘அன்ஃபிட்’. அதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் விசா சரியாகவில்லை என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். தாய்க்கு மகனுடையது தெரியாது. மகனுக்குத் தாயுடையது தெரியாது. இருவருடைய முடிவும் இரண்டு இடங்களில் தாளில் இருந்தது.

அந்த அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என்னிடமிருந்துதான் போயிருக்கிறதா?” என்றார். இருக்கலாம் என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. செவிலியர் அவரை வெளியே அழைத்துக்கொண்டு போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எந்த விதியிலும் எழுதாத வேலை அது.

மூத்த மகனுக்கு நொதிகள் இயல்பு, வைரஸ் அளவு குறைவு, தழும்பு இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை. அவர் மனைவிக்குத் தொற்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அன்றே முதல் ஊசி, அடுத்த மாதம் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது என்று முடித்துவிட்டார். அவர்களுடைய பெண் குழந்தை 2019-இல் பிறந்தது. தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரச் சொன்னோம். பிறந்த அன்றைக்கே முதல் ஊசி. 6, 10, 14-ஆம் வாரங்களில் ஹெபடைடிஸ் பி மருந்தும் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி. நான்கு இடத்திலும் கிராம சுகாதாரச் செவிலியரின் கையெழுத்து இருந்தது. குழந்தையின் இரத்தத்தில் வைரஸ் இல்லை, பாதுகாப்பு இருக்கிறது.

இளைய மகனுக்கு 27 வயது. சவூதி வேலைக்கு ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறார். இங்கே சோதனை செய்தால் அந்தச் செய்தி எப்படியாவது அங்கே போய்விடும் என்று பயப்படுகிறார். போகாது என்று தொலைபேசியில் சொன்னேன். ஏஜென்ட் அனுப்பும் சோதனையில் எப்படியும் தெரியத்தான் போகிறது, தொற்று இல்லையென்றால் ஊசி போட்டுக்கொண்டே போகலாம், இருந்தால் மருந்து இருக்கிறது என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன், சார், என்றார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த அம்மா மாத்திரை வாங்கவும் சோதனைக்கும் வருகிறார். பதிவைத் திறந்ததும் வலது ஓரத்தில் ஒரு வரி தெரியும்: “குடும்பத்தினர்: ஒருவர் பாக்கி.” செவிலியர் கேட்பார். “கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சிஸ்டர். வருவான்” என்பார் அவர்.